காற்று நசுக்க வேண்டிய டின்

யூஜினியா மேசைமேல் வைத்த காலிப் பால்மாவு டின்னில் ஓட்டை இல்லை.

கொர்னேலியஸ் வாத்தியார் அதைக் கையில் எடுத்தார். ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். அடியைப் பார்த்தார். அவர் முகம் மாறிவிட்டது.

மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் அது. கெர்லிங் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தைச் சுற்றி முள்வேலி. கடையில் எந்த டின் வாங்கினாலும் ஓட்டை போட்டுத்தான் கையில் கொடுப்பார்கள். ஓட்டை விழுந்த சாமான் சீக்கிரம் கெட்டுப்போகும். காட்டுக்குள் துப்பாக்கியோடு இருக்கிற கம்யூனிஸ்டுகளுக்குச் சேர்த்துவைத்து அனுப்ப முடியாது. ஒரு வீட்டில் ஓட்டை விழாத டின் இருந்தால், போலீஸ் கணக்கில் அது காட்டுக்குச் சோறு போடுகிற வீடு.

முந்தின மாதம் ஒரு மீன் டின்னுக்காக வேலம்மாவை லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவள் வீட்டுக் கதவு அப்போதும் சாத்தித்தான் கிடந்தது.

யூஜினியாவின் அண்ணன் காப்ரியல் சிங்கப்பூரில் வேலை செய்வதாக அவள் அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாரும் விலாசம் கேட்டதில்லை.

பதின்மூன்று வயசுப் பிள்ளைக்கு இதெல்லாம் எட்டவில்லை. வாத்தியார் தோற்கக் கூடாது, அவ்வளவுதான் அவளுக்கு.

வருஷத்தின் முதல் நாளே அவர் கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்தார், சயன்ஸ் பாடத்தில் இந்த வருஷம் என்னென்ன பார்க்கப்போகிறோம் என்று. பயறு முளைக்கும். காந்தம் இரும்பை இழுக்கும். கண்ணாடி வெயிலைப் பிடித்துத் தாளைக் கொளுத்தும். காற்று டின்னை நசுக்கும்.

காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டி, நிறுத்துக் கொட்டிவிட்டு, மத்தியானம் நான் கடைசி பெஞ்சில் வந்து உட்காருவேன். கல்யாணம் ஆகியிருக்க வேண்டிய வயசு. மேலெல்லாம் பால் நாற்றம். வாத்தியார் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. எழுத்துக் கூட்டி நான் முழுசாக வாசித்த முதல் பலகை அதுதான்.

சொன்னபடி ஒவ்வொன்றாக நடந்தது. பயறு முளைத்தது, மறுநாள் வந்து பார்த்தால் யாரோ தின்றிருந்தார்கள். காந்தம் என் பால்வெட்டுக் கத்தியில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. வெயிலில் கருகிய அந்தத் தாளின் வாசனை இந்த வயசிலும் சில நாள் மூக்கில் வந்து நிற்கிறது.

காற்று ஒன்றுதான் பாக்கி.

முந்தின வாரம் ஓட்டை டின்னை வைத்துச் செய்து பார்த்தார். வெளிக்காற்று ஓட்டை வழியாக உள்ளே போய்விடுகிறது, அதனால்தான் நசுங்கவில்லை என்றார். மரத்தில் காய்ந்து ஒட்டியிருந்த ஒட்டுப்பாலை வைத்து ஓட்டையை அடைத்தோம். சூட்டில் உருகி வகுப்பே நாறியது. வாசலில் நின்று பார்த்த, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி செல்லையா, மறுநாள் ஆள் கணக்கெடுக்கும்போது வாத்தியார் மாதிரியே மூக்குக் கண்ணாடியைத் தள்ளித் தள்ளிப் பேசிக் காட்டினார். லயம் முழுக்கச் சிரித்தது. யூஜினியா மட்டும் அழுதாள்.

அன்றைக்கும் கிராணி வாசலில் வந்து நின்றார்.

"என்ன வாத்தியாரே, உங்க காத்து இன்னிக்காச்சும் சோறு தின்னுட்டு வந்திருக்கா? நசுக்கச் சொல்லுங்க லா, பாப்போம்."

வாத்தியார் வாசலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, டின்னைத் துடைக்கிற மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். பலகையில் வட்டம் போடுகிற மரக் கவராயம் பக்கத்தில் இருந்தது. அதன் இரும்பு முனையை டின்னின் கழுத்தில் வைத்து அழுத்தினார். 'டக்'கென்று ஒரு சத்தம். ஓட்டை விழுந்தது நான் இருந்த மூலையிலிருந்து நன்றாகவே தெரிந்தது.

பிறகு எல்லாவற்றையும் முறைப்படி செய்தார். தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்தார். ஆவி வந்ததும் மூடியை இறுக்கி, கீழே இறக்கி, பச்சைத் தண்ணீரை மேலே கொட்டினார்.

பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

டின் அப்படியே நின்றது.

எனக்கு முன் பெஞ்சில் இருந்த யூஜினியா துள்ளி எழுந்தாள். "ஸார், இதுலதான் ஓட்டையே..."

நான் அவள் சடையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன்.

"ஐயோ, வலிக்குதுக்கா!"

மீதி வார்த்தை அவள் வாயோடு நின்றுபோனது.

"நான் சொன்னது தப்பு," என்றார் வாத்தியார். எங்களைப் பார்க்கவில்லை, டின்னைப் பார்த்துத்தான் சொன்னார். "காற்றுக்கு அவ்வளவு பலம் கிடையாது."

கிராணி சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். டின்னைத் தூக்கி, பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்டுகிற மாதிரி சுழற்றினார். கழுத்தில் இருந்த ஓட்டையில் அவர் விரல் பட்டது. அங்கேயே நின்றது.

வாத்தியாரைப் பார்த்தார். சடையைத் தடவிக்கொண்டிருந்த யூஜினியாவைப் பார்த்தார். ஜன்னல் வழியாக, கேட்டில் துப்பாக்கியோடு நின்ற காவல்காரனையும் பார்த்தார்.

டின்னைத் தரையில் போட்டு, பூட்ஸ் காலால் ஓங்கி மிதித்தார். மறுபடியும் மிதித்தார். தகடாகும்வரை விடவில்லை.

"இந்தாங்க வாத்தியாரே, நசுங்கிருச்சு. இந்த வருசப் பாடம் முடிஞ்சுது, போங்க."

பிள்ளைகள் பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள். வாத்தியாரும் சிரிக்கப் பார்த்தார்; முடியவில்லை. கிராணி தகட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு போனார்.

தோட்டத்துக் கடையில் டின்னுக்கு ஓட்டை போடுவது கிராணியின் வேலை. பட்டை உளியை வைத்து ஒரே அடி. நீளக் கீறலாகத்தான் விழும். எங்கள் லயத்தில் அவர் கை படாத டின் கிடையாது.

அன்றைக்கு அவர் விரல் பட்டது உருண்டை ஓட்டை.