தொண்ணூற்றெட்டு சதவீதம்

"படிக்கிற காலத்துல நீ ஒரு தடவைகூட பார்த்து எழுதினதே இல்லையா?" என்று ஆர்லீனிடம் அவள் கணவன் ஒருமுறை கேட்டான்.

"மாட்டினதில்லை" என்றாள் ஆர்லீன்.

அந்தத் தகுதி போதும் என்று நினைத்தார்களோ என்னவோ, மினசோட்டாவின் அந்தச் சின்னக் கல்லூரியில் நூலகராக இருந்தவளை, காப்பியடிப்பவர்களை விசாரிக்கும் குழுவுக்கும் தலைவியாக்கிவிட்டார்கள். குழுவில் இன்னும் இரண்டு பேர் உண்டு. விசாரணை என்றாலே ஒருவருக்கு ஜுரம் வரும், இன்னொருவரின் கார் பனியில் சிக்கிக்கொள்ளும். அன்று இரண்டுமே நடந்திருந்தன.

எதிரே புரொபசர் கார்டன் புரூயிட். சற்றுத் தள்ளி ஷானா லிண்ட்கிரன். நர்சிங் மாணவி. முதியோர் இல்லத்தில் வேலையை முடித்த கையோடு சீருடையிலேயே வந்திருந்தாள்.

கார்டனின் நேர்மை விதிகள் கல்லூரி முழுக்கப் பிரசித்தம். மற்ற ஆசிரியர்கள் பாடத்திட்டத்தின் கடைசியில், 'காப்பியடித்தால் பூஜ்யம்' என்று ஒரு வரி போட்டு முடித்துக்கொள்வார்கள். கார்டன் கொடுப்பதோ இரண்டு பக்கம். படித்தால் கல்லும் கரையும். 'அடுத்தவர் உழைப்பைத் திருடுகிறவன் முதலில் பட்டினி போடுவது தன் மூளையைத்தான்' என்ற வரியைப் படித்து டீன் கண் கலங்கியதாகக் கேள்வி. அடுத்த வருடம் முதல் எல்லாத் துறைக்கும் அதுதான் விதி. பல வருடம் மூன்று கல்லூரிகளுக்கு மாறி மாறிக் கார் ஓட்டிப் பகுதிநேரமாகப் பாடம் எடுத்த கார்டனுக்கு, அந்த இரண்டு பக்கத்தின் புண்ணியத்தில் நிரந்தர வேலையும் கனிந்திருந்தது.

"தொண்ணூத்தெட்டு சதவீதம், ஆர்லீன்." தாள்கட்டை மேசைமேல் போட்டார் கார்டன். "நேர்மையைப் பத்தி சொந்தமா ரெண்டு பக்கம் எழுதிட்டு வாங்கன்னேன். முதல் வாரம் குடுக்கிற சின்ன வேலை. எல்லாத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கிற மென்பொருள்ல போட்டேன். இவ எதுலேர்ந்து அடிச்சிருக்கா தெரியுமா? என் விதிகள்லேர்ந்து. காப்பியடிக்காதேன்னு நான் எழுதினதையே காப்பியடிச்சு, என்கிட்டயே நீட்டியிருக்கா."

ஆர்லீனுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. மேசையில் வைத்திருந்த எலுமிச்சைக் கேக்கில் ஒரு துண்டை வாயில் அடைத்துச் சமாளித்தாள்.

"மீதி ரெண்டு சதவீதம்?"

"அவ பேரும் தேதியும்."

ஷானா தரையைப் பார்த்தபடி இருந்தாள்.

"கார் திருடுறவனுக்குக்கூட ஒரு விவஸ்தை இருக்கும்" என்றார் கார்டன். "ஷெரீஃப் வண்டியில கை வைக்க மாட்டான்."

கார்டனின் விதிப்படி ஒரு தடவை பிடிபட்டாலே அந்தப் பாடத்தில் தோல்விதான். நர்சிங்கில் ஒரு பாடம் போனால் இடமே போய்விடும். ஷானாவின் இடத்துக்கு நாற்பது பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்பது ஆர்லீனுக்குத் தெரியும்.

"காப்பியடிச்சியாம்மா?" என்று கேட்டாள்.

"அடிச்சிருக்கேன்."

"எழுதிக்குங்க" என்றார் கார்டன்.

"இதுல இல்லை. நாலு வருஷத்துக்கு முன்னாடி. ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற காலேஜ்ல." ஷானாவின் குரல் இறங்கியது. "இங்க யாருக்கும் அது தெரியாது. சொல்லாம தப்பிக்கலாம்னுதான் பார்த்தேன். முடியாது போலிருக்கு."

"ஆகா, பழைய கேடியா?" கார்டன் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். "கேட்டுக்கிட்டீங்களா ஆர்லீன்? இந்த மாதிரி ஆளுங்களுக்குத்தான் நான் விதியே எழுதினேன். மூணு மாசம் மண்டையை உடைச்சுக்கிட்டேன்."

"மேடம், அந்த ரிப்போர்ட்டைக் கடைசி வரைக்கும் பார்த்தீங்களா?" என்றாள் ஷானா.

"அதெல்லாம் எதுக்கு? நம்பர் முதல் பக்கத்துலயே சிவப்பா இருக்கே" என்றார் கார்டன்.

ஆசிரியர்கள் யாரும் அந்தச் சிவப்பு எண்ணைத் தாண்டிப் போவதில்லை. ஆர்லீன் நூலகர். எந்தக் காகிதம் எந்த வருடத்தது என்று பார்க்காமல் அவளுக்குச் சோறு இறங்காது. கடைசிப் பக்கத்தை எடுத்தாள். ஒரே மாதிரி இருந்த மூன்று ஆவணங்களைத் தேதி வரிசையில் அடுக்கியிருந்தது மென்பொருள்.

"இந்த ஜனவரி, ஷானாவோட கட்டுரை" என்று வாசித்தாள். "போன ஆகஸ்ட், உங்க விதிகள்."

"அதைத்தானே சொல்றேன்."

"அதுக்குக் கீழே, நாலு வருஷத்துக்கு முந்தின மார்ச். அக்கரைக் காலேஜ். காப்பியடிச்சதுக்குத் தண்டனையா எழுதின கட்டுரை. எழுதினவர், ஷானா லிண்ட்கிரன்."

ஆர்லீன் ஷானா பக்கம் திரும்பினாள்.

"பழைய கட்டுரையையேவா திரும்பக் குடுத்தே?" என்றாள் ஆர்லீன்.

"ரெண்டு ஷிஃப்டு வேலை, மேடம். சொந்தமா எழுதினதுதான் வேணும்னாரு. எப்ப எழுதினதுன்னு கேக்கலையே."

"தற்செயலா இருக்கும்" என்றார் கார்டன். "நல்ல சிந்தனை ரெண்டு பேருக்கு ஒரே மாதிரி வரக்கூடாதா? அந்தக் கட்டுரையை நான் கண்ணால பார்த்தது கூட இல்லை."

ஆர்லீன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கடைசி வரியையும் வாசித்தாள்.

"மதிப்பெண், சி மைனஸ். குறிப்பு, 'சொந்தச் சிந்தனை போதாது.' திருத்தியவர், கார்டன் புரூயிட்."

அவள் நிமிர்ந்தபோது, மைனஸ் இருபது குளிரில், நாற்காலியில் கிடந்த கோட்டைக்கூட எடுக்காமல் வெளியே போய்க்கொண்டிருந்தார் புரொபசர்.