ராமமூர்த்தி திருத்திய நோட்டீஸ்

"ஒரு வாரம் டைம். சாமானை எடுத்துண்டு கிளம்பிடுங்கோ" என்று சொல்லிவிட்டு, ராமமூர்த்தி தன் வீட்டிலேயே விருந்தாளி மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

தில்லி ஆர்.கே. புரத்தில் இரண்டாம் மாடி. சர்க்கார் அவருக்கு ஒதுக்கிய குவார்ட்டர்ஸ். அதில் அவர் ஒரு ராத்திரிகூடத் தூங்கியது கிடையாது. தூங்குவதற்கு மயூர் விஹாரில் சொந்த ஃப்ளாட் இருந்தது. இங்கே ஏழு வருஷமாக நல்லசிவம் வாடகைக்கு இருந்தார்.

வாடகைக்கு என்று சொல்லக்கூடாது. சர்க்கார் வீட்டை வெளியாளுக்கு விட்டதாக ஒரு வரி எழுத்து வெளியே வந்தால் வீடு போகும், பென்ஷனும் ஆட்டம் காணும்.

அதனால் அக்கம்பக்கத்துக்கு நல்லசிவம், ராமமூர்த்தியின் மனைவி வத்சலாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. அம்பாசமுத்திரத்துப் பேச்சும் கும்பகோணத்துப் பேச்சும் ஒரே குடும்பத்தில் எப்படி விளைந்தன என்று கேட்க அந்த பிளாக்கில் வேறு தமிழர் இல்லை.

மூன்று மாத வாடகை பாக்கி. நல்லசிவம் கட்டட மேஸ்திரி. தில்லிக் காற்றில் புகை ஏறினால் கட்டட வேலையை நிறுத்திவிடுவார்கள். இந்தக் குளிர்காலம் முழுக்க நிறுத்துவதும் தொடங்குவதுமாகவே போயிற்று.

மகள் பிரபாவுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை. இன்னும் பத்து நாளில், பிப்ரவரி நடுவில் ஆரம்பித்து ஏப்ரல் முதல் வாரத்தில் முடிகிறது. உள் அறையில் அவள் கெமிஸ்ட்ரியை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். இந்தச் சமயத்தில் பெட்டி படுக்கையோடு வீடு தேடி அலைந்தால் என்ன ஆகும் என்பது நல்லசிவத்துக்குத் தெரியும். ராமமூர்த்திக்கும் தெரியும். புதிதாக வருகிற ஆள் மாதம் இரண்டாயிரம் அதிகமாகத் தருகிறான் என்பதும் அவருக்குத் தெரியும்.

நல்லசிவம் கெஞ்சவில்லை.

"சட்டப்படி எழுத்துல நோட்டீஸ் குடுக்கணும்லா, சார்?"

ராமமூர்த்திக்குச் சிரிப்பு வந்தது. இருபத்தொன்பது வருஷமாக ஓர் அலுவலகத்தில் வாடகை பாக்கி வைத்தவர்களுக்கு நோட்டீஸ் எழுதுவதுதான் அவர் உத்தியோகம். எழுத்தில் கேட்க வேண்டும், பாக்கியைக் கட்ட இரண்டு மாதம் விட வேண்டும், கோர்ட்டுக்குப் போன பிறகும் கட்டுவதற்கு இன்னொரு மாதம் கிடைக்கும். வாடகைக்காரன் ஒளிந்துகொள்ளச் சட்டத்தில் எங்கெங்கே கதவு, எதற்கு எங்கே தாழ்ப்பாள் என்பது அவருக்கு அத்துப்படி.

"அதெல்லாம் வாடகைக்கு இருக்கறவாளுக்கு. நீங்க எனக்கு மச்சினன். மச்சினனை வெளியே போன்னு சொல்ல எந்த ஊர்லயாவது நோட்டீஸ் குடுப்பாளா?"

"அதுவும் சரிதான்" என்றார் நல்லசிவம். அலமாரியிலிருந்து ஒரு தாளை எடுத்து ஸ்டூல் மேல் வைத்தார். "உங்களுக்குச் சிரமம் வேண்டாம்னு பிள்ளைய விட்டு நானே அடிச்சு வச்சேன். கையெழுத்தெல்லாம் வேண்டாம், சார். ஒரு பார்வ பாத்துட்டுக் குடுங்க. மனசுக்கு ஒரு ஆறுதல்."

தாளைத் தொடக்கூடாது என்று ராமமூர்த்தி தீர்மானித்தார்.

அந்தத் தீர்மானம் மூன்றாவது வரி வரை தாங்கியது. மூன்றாவது வரியில் சட்டப் பிரிவின் எண் தப்பு.

ஞாயிற்றுக்கிழமையானாலும் சட்டைப் பையில் சிவப்புப் பேனா இருக்கும். ஒருமுறை சக ஊழியர் வெங்கடராமன் மகள் கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்தபோது, முகூர்த்த நேரத்துக்கு ஆதாரம் இணைக்கப்படவில்லை என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பியவர் அவர். ஆதாரம் வந்து சேருவதற்குள் மாப்பிள்ளை வேறு இடத்தில் கல்யாணம் செய்துகொண்டு குழந்தைக்குக் காதும் குத்திவிட்டார்.

பேனா தானாக வெளியே வந்தது. பிரிவு எண்ணைச் சுழித்து, 14 என்று போட்டார்.

அடுத்த வரியில் 'என் உறவினர் நல்லசிவம்' என்று இருந்தது. உறவினருக்கு ஏது வாடகை? ராமமூர்த்திக்கு உடம்பே கூசியது. அதை அடித்து, மேலே 'என் வாடகைதாரர்' என்று அழகாக எழுதினார்.

எவ்வளவு பாக்கி என்ற இடம் காலியாகக் கிடந்தது. எந்தெந்த மாதம், மாதத்துக்கு எவ்வளவு என்று எண்ணாலும் எழுத்தாலும் நிரப்பினார்.

கடைசியில் பதினைந்து நாளில் காலி செய்ய வேண்டுமாம். எவன் இதையெல்லாம் தயாரிக்கிறான் என்று முணுமுணுத்தபடி, பதினைந்து நாளைக் குறுக்கே கோடு இழுத்து ஒழித்தார். 'இன்றிலிருந்து இரண்டு மாதத்துக்குள் பாக்கியைச் செலுத்தத் தவறினால்' என்று ஓரத்தில் சேர்த்தார்.

திருத்திய தாளின் அடியில் சுருக்கொப்பமும் தேதியும் போடாமல் அவர் இதுவரை விட்டதில்லை. இதற்கும் போட்டார்.

தள்ளிப் பிடித்துப் பார்த்தார். இப்போதுதான் நோட்டீஸ் மாதிரி இருந்தது.

திருத்திய வரைவு டைப் அடித்தவரிடமே திரும்பிப் போக வேண்டும் என்பது அலுவலக முறை. தாளை நீட்டி, "ஃபேர் காப்பி எடுத்து வைங்கோ. அடுத்த வாரம் பார்க்கறேன்" என்றார்.

நல்லசிவம் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

படியிறங்கி முதல் மாடித் திருப்பத்துக்கு வந்த பிறகுதான் ராமமூர்த்தி பேனாவுக்கு மூடி போட்டார். மேலே ஜன்னல் திறந்திருந்தது. கெமிஸ்ட்ரி நின்று, பிரபாவின் குரல் கேட்டது.

"அரே, அப்பா! நான் ஃபர்ஸ்ட் எல்லாம் சரியாத்தானே டைப் பண்ணேன்? நீங்கதானே தப்பு தப்பா மாத்தச் சொன்னீங்க?"

"அவரு பேனாவ எடுக்கதுக்கு ஏதாவது வேணும்லா, மக்கா."