வண்டு துளைத்த கதவு

"நல்லா இருக்குல்லா முருகேஸ்வரி?" என்று ஜெப்ஸி டீச்சர் மூன்றாவது தடவையாகக் கேட்டார்.

நான் துடைப்பத்தைப் பிடித்தபடி நின்றேன். எனக்கு வயிறு எரிந்தது.

கொல்லைப்புறத்துக் குளியலறையில் போன மாதம்வரை வெள்ளைவெளேரென்று டைல்ஸ் இருந்தது. ஒரு கீறல் கிடையாது. வாரம் தவறாமல் தேய்த்துக் கழுவியவள் நான். எனக்குத் தெரியாதா? அத்தனையும் உடைத்துக் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டு, சுவரைச் சொரசொரவென்று பூசி வைத்திருக்கிறார்கள். தரைக்குக் கரடுமுரடான கல். துண்டு வைக்க ஓலைப்பெட்டி. பனைமரச் சட்டத்தில் ஓர் ஏணி. ஏறுவதற்கில்லை, துணி போடுவதற்காம்.

இதற்குப் பெயர் காட்டேஜ் ஸ்டைல்.

வாளிதான் என்னை ரொம்பவும் படுத்தியது. துருப்பிடித்ததுபோல் தெரிய அதற்குப் பெயின்ட் அடித்திருந்தார்கள். தூத்துக்குடி உப்புக்காற்றில் துருவுக்கா பஞ்சம்? மொட்டைமாடியில் ஒரு வாரம் போட்டுவைத்தால் தானாக வந்துவிட்டுப் போகிறது.

என் வீட்டுக் குளியலறையைப் பெயர்த்துக்கொண்டுவந்து மில்லர்புரத்தில் வைத்ததுபோல் இருந்தது. மூன்று பக்கம் தகரச் சீட்டு, ஒரு பக்கம் பழைய பலகைக் கதவு. அதிலிருந்து எப்போது விடிவு வரும் என்று நான் ஏங்கிக்கொண்டிருக்கிறேன். இவர்கள் ஆசைப்பட்டு அதற்குள் போகிறார்கள்.

மர வேலைக்கு மந்திரமூர்த்தி அண்ணனைச் சொல்லிவிட்டதே நான்தான். வரிசையாகக் குடித்தனங்கள் இருக்கும் எங்கள் வளவில் எனக்கு எதிர்வீடு. குலசேகரன்பட்டினத்தில் யாரோ இடித்த வீட்டின் கதவை வாங்கிவந்து, வெட்டிச் சேர்த்து மாட்டியிருந்தார். இன்னும் வேலை பாக்கி. சுவருக்கு அந்தப் பக்கம், கொல்லையில் உட்கார்ந்து பெஞ்சுக்கு மரம் இழைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"இதப் பாத்தியா?" டீச்சர் கதவைத் தொட்டுக் காட்டினார். "நேத்து ஞாயித்துக்கெழம நாங்க கோயிலுக்குப் போயிருந்தப்ப கொண்டி மாட்ட வந்திருக்காரு. அப்பதான் கவனிச்சாராம். பழைய மரம்லா, வண்டு தொளைச்சிருக்கு. அடைக்காதீங்க டீச்சர், அதுதான் அழகுன்னு சொல்லுதாரு."

கதவில் ஓர் ஓட்டை. சுண்டுவிரல் நுழையும் அளவு. என் நெஞ்சு உயரம்.

டீச்சர் அதைப் போனில் படம் வேறு எடுத்தார்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இதே ஓட்டை என் வீட்டுக் கதவிலும் இருக்கிறது. இதே அளவு, இதே உயரம். மெழுகை உருக்கி ஊற்றி ஊற்றி என் கை வெந்துபோயிருக்கிறது. ஊற்றிய மெழுகு நாலு நாளில் கீழே கிடக்கும். வண்டு திரும்ப வந்துவிட்டது என்பார்கள் வளவில்.

என் மகள் முத்துக்கனிக்கு அப்போது பதினைந்து வயது. ஒருநாள் ஈரத் தலையோடு ஓடிவந்தாள்.

"யம்மா, அங்கன ஒரு கண்ணு தெரியுது."

பளாரென்று ஓர் அறை வைத்தேன். ஒரு வண்டுக்குப் பயந்து இப்படியா கத்துவாய், வளவுக்குக் கேட்டால் என்ன நினைப்பார்கள் என்றேன்.

பத்தாம் வகுப்பு முடித்ததும் விளாத்திகுளத்தில் என் தங்கை வீட்டுக்குப் படிக்கப் போனாள். இரண்டு வருடமாகிறது. தீபாவளிக்குக்கூட அங்கேயே எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் பஸ் ஏறுகிறாள். அன்று சாயங்காலமே கிளம்பிவிடுகிறாள். சித்தி வீட்டுச் சோறு ருசித்துவிட்டது, திமிர் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

"ம்மா, நான்தான் முதல்ல" என்றபடி டீச்சரின் மகள் ரேச்சல் வந்தாள். காலேஜ் லீவு. தோளில் துண்டு, கையில் சோப்பு டப்பா. புதுக் குளியலறையில் முதல் குளியல் தனக்குத்தான் என்று நேற்றே சொல்லிவைத்திருந்தாளாம்.

"வழிய விடு முருகேஸ்வரி, பிள்ள குளிக்கட்டும்" என்றார் டீச்சர்.

நகரப்போனவள், கீழே கிடந்த தூளைப் பார்த்தேன். கதவடியில் ஒரு பிடி மரத்தூள். ஈரம்கூடப் படாமல் மஞ்சளாகக் கிடந்தது.

ஓட்டையில் விரலை விட்டேன். வழவழவென்று வட்டமாக இருந்தது. கதவின் மேல்பக்கம் கறுத்துக் கிடக்க, ஓட்டைக்குள் மட்டும் மரம் பளிச்சென்று புதிதாக இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் இந்தக் கதவுக்கு எண்ணெய் தேய்த்தவள் நான்.

மேலிருந்து கீழ்வரை, இரண்டு பக்கமும், ஒரு இண்டு இடுக்கு விடாமல் தேய்த்தேன். ஓட்டை இல்லை.

என் வீட்டுக் கதவைத் தடவிப் பார்த்து முதன்முதலில் வண்டு என்று சொன்னது யார் என்று அப்போதுதான் யோசித்தேன். மரத்தைப் பற்றித் தெரிந்தவர் சொல்கிறார் என்றுதான் வளவே நம்பியது. நானும் நம்பினேன். பெற்ற பிள்ளை சொன்னதைத்தான் நம்பவில்லை.

ரேச்சல் உள்ளே போகக் காலெடுத்து வைத்தாள். நான் வாசலை மறித்து நின்றேன். ஓட்டையிலிருந்து விரலை எடுக்கவில்லை.

"என்னடி ஆச்சு ஒனக்கு?" என்றார் டீச்சர்.

கொல்லைக்குக் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.

"டீச்சர், இந்த வண்டு எங்க வளவுலதான் குடியிருக்கு."

அந்தப் பக்கம் இழைக்கும் சத்தம் நின்றது.