பேசாத போன்

நாலு நாளாக அவர் அந்த லினக்ஸ் போனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அழைப்பைக் கடத்தும் மோடத்துக்குப் புது ஃபர்ம்வேர் என்ற மென்பொருளை ஏற்றுவார், வாய்ஸ் காலை ஆன் செய்வார், மனைவிக்கு அடித்துப் பார்ப்பார். உடனே கட்டாகிவிடும்.

“போன்னா பேசணும். இது பேப்பர் வெயிட்டு,” என்றாள் மனைவி. “சாயங்காலத்துக்குள்ள பேசலைன்னா குப்பைத்தொட்டிதான்.”

“கடைசியா ஒரே ஒரு ஃபர்ம்வேர்...”

“உங்க மண்டைக்கு ஏத்துங்க முதல்ல!”

வீட்டுக்கு வந்திருந்த மச்சினன் போனைப் பிடுங்கித் தன் நம்பரை அடித்தான். அவன் சட்டைப்பையில் மணி அடித்தது.

“ஜோராப் போகுதே, அத்தான்!”

மனைவி திருதிருவென்று விழித்தாள். “திங்கட்கிழமை சண்டையில உங்களை பிளாக் பண்ணினேன். பிளாக்கை எடுக்க மறந்துட்டேன். வேற யாருக்காவது அடிச்சுப் பார்க்கக் கூடாதா?”

“மனப்பாடமாத் தெரிஞ்சது உன் நம்பர் ஒண்ணுதானே.”

“மரமண்டை!” என்றபடி அவள் பிளாக்கை எடுத்துவிட்டு, தன் போனோடு அடுத்த அறைக்குப் போனாள். “இப்ப அடிங்க. பேசறேன்.”