இரண்டரை மணி, ஆலப்பாக்கம் கேட்

கடலூரைத் தாண்டிச் சிதம்பரம் போகிற பேருந்து ஆலப்பாக்கம் ரயில்வே கேட்டில் வெயிலில் நிற்கிறது. தேவசகாயம் மறுபடியும் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். மணி இரண்டரை. நர்ஸ் வேலைக்காக மகள் அனுப்பிரியா சென்னையில் சிங்கப்பூர் விமானம் ஏறியது காலை பத்து மணிக்கு. நாலு மணி நேரப் பயணம். போகக் கூடாதென்று சொல்லி இரண்டு மாதமாக அவளோடு பேசாதவர் அவர். விமான நிலையத்திலும் தள்ளியே நின்றார். இப்போது அவருடைய கால் ஓயாமல் ஆடுகிறது.

"எறங்கியிருப்பாளா?"

"எத்தினி வாட்டி கேப்பீங்க?" என்கிறாள் மனைவி மாலதி. வெள்ளரிப்பிஞ்சு விற்பவள் ஜன்னலைத் தட்டுகிறாள். மாலதி மடியிலிருக்கும் போன் அடிக்கிறது. அவள் எடுப்பதற்குள் அவரே பறித்துக் காதில் வைக்கிறார்.

"அம்மா, வந்து சேந்துட்டேன். நீங்க வீட்டுக்குப் போயிட்டீங்களா?"

"இல்லம்மா, இன்னும் ஆலப்பாக்கம் கேட்டுலதான் நிக்கிறோம்."

"அப்பாவா?"

"சாப்டியாம்மா?"

அவள் ஏதோ சொல்கிறாள். ரயில் தடதடத்துக் கடக்கிற சத்தத்தில் ஒன்றும் விளங்கவில்லை. அவர் எழுந்து, மறு காதைப் பொத்திக்கொண்டு, பேருந்தே திரும்பிப் பார்க்கும்படி கத்துகிறார்: "சாப்டியா?"