வேலணை அன்ரி

தேனுஜனுக்கு லூபஸ் நோய் என்று தெரிந்து இரண்டு வருடமாகிறது. "மூட்டு நோகுதோ அப்பன்?" என்று நிசாந்தினி எத்தனை தரம் கேட்டாலும், பதினாறு வயது மகன் "இல்லை அம்மா" என்பதோடு சரி.

ஆனால் போன மாதம் கிளினிக்கில் பழக்கமான வேலணை அன்ரி போன் எடுத்தால் மட்டும் அரை மணித்தியாலம் கதைப்பான். கதவையும் சாத்திக்கொள்வான்.

நிசாந்தினிக்கு வயிறு எரிந்தது. வெயில் படக்கூடாதென்று அவனுக்கு நீளக்கைச் சட்டை தைத்தவள் அவள். குறிகட்டுவானில் பஸ் ஏறினால் யன்னலோரம் இருந்து வெயிலை வாங்கிக்கொள்பவளும் அவள்தான். நோவைச் சொல்ல மட்டும் இன்னொருத்தியோ?

அன்றைக்கும் போன் அடித்தது. கதவு சாத்தப்பட்டது. அவள் குசினிக்குள் போய்க் கிரைண்டரைப் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பொறுக்க ஏலாமல் அதை நிற்பாட்டி, முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து கதவில் காது வைத்தாள்.

"உங்கடை மகளுக்கும் நீளக்கைச் சட்டை தையுங்கோ அன்ரி. பஸ்ஸிலை யன்னல் பக்கம் நீங்கள் இருங்கோ. எங்கடை அம்மா செய்யிறதைத்தான் சொல்லுறன்."

மறுமுனையில் அன்ரி ஏதோ கேட்டிருக்க வேண்டும்.

"மகளுக்கு முன்னாலை உங்களுக்கு அழுகை வந்தாலோ? அம்மா எண்டால் குசினிக்குள்ளை போய்க் கிரைண்டரைப் போட்டிட்டு அழுறவ. ஆனால் அன்ரி, நீங்கள் உள்ளை ஏதாவது போட்டு அரையுங்கோ. வெறும் கிரைண்டர் ஓடுற சத்தம் எங்களுக்குத் தெரிஞ்சிடும்."