பெட்ரோல் வாடை

"இன்னிக்கு அந்தக் குழாயை மாத்தலைன்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன். சொல்லிட்டேன்!"

மருமகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஷெட் வாசலில் நின்றாள். பெரியவர் காருக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டினார். ஊரார் வண்டிகளையெல்லாம் ரிப்பேர் பார்த்தே சோறு தின்ற மனுஷன், சொந்த வண்டியில் பெட்ரோல் கசிகிறதென்று திட்டு வாங்கிக்கொண்டிருந்தார்.

"மாத்திக்கிட்டுத்தான்மா இருக்கேன். எஞ்சினை மாத்தினப்பவே குழாயையும் மாத்தியிருக்கணும். சோம்பேறித்தனம்."

"சமையல்கட்டு வரைக்கும் வாடை வருது. எங்கேயாவது பத்திக்கிட்டா?"

"பத்திக்கிட்டா என்ன, பழைய இரும்புதானே? போனா போகுது."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவரை ஒரு முறை முறைத்துவிட்டு விடுவிடுவென்று மாடியேறினாள். மேலே பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது.

பெரியவர் மாடிப் பக்கம் காதைக் கொடுத்தார். போய்விடுவேன் என்பது வெறும் மிரட்டல் இல்லை. மகன் போனதிலிருந்து அவளுடைய அம்மா ஓயாமல் போன் போட்டுக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தாள். "மாமாவை யாரு பாத்துக்குவாங்க?" என்று இவள்தான் தட்டிக்கழித்து வந்தாள். அவருக்கும் இந்த உலகத்தில் வேறு நாதியில்லை.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று அவர் நெஞ்சில் கிடந்தது. இந்த எஞ்சின் யாருடையது என்று அவளுக்குத் தெரியாது.

லாரி பின்னாலிருந்து மோதியதில் மகனுடைய கார் முன் சீட்டு வரைக்கும் நசுங்கிப் போனது. எஞ்சினில் மட்டும் ஒரு கீறல் இல்லை. பிள்ளையைக் கொண்டுபோய்விட்டு இரும்பை விட்டுவைத்த கடவுளை அன்றைக்கு அவர் கேட்காத கேள்வியில்லை.

"அந்த வண்டியோட ஒரு நட்டு போல்ட்டு கூட என் கண்ணுல படக்கூடாது மாமா" என்று அழுதாள் மருமகள். சரிம்மா, சரிம்மா என்று தலையாட்டிவிட்டு, வண்டி பழைய இரும்புக் கடைக்குப் போகிற வழியிலேயே எஞ்சினை மட்டும் கழற்றி இறக்கிக்கொண்டார். அவள் அம்மா வீட்டில் இருந்த சமயம் பார்த்துத் தன் ஓட்டைக் காரில் அதை மாட்டினார். "எங்கேயோ சல்லிசா கிடைச்சுதும்மா" என்று கூசாமல் புளுகவும் செய்தார்.

அவள் திரும்பி வருவதற்குள் முடிக்கிற அவசரத்தில் பழைய குழாய்களை அப்படியே விட்டதுதான் வினையாகப் போனது. பழைய எஞ்சினுக்குப் பெட்ரோல் சும்மா ஊறிப் போனால் போதும். இதுவோ பம்ப் வைத்துப் பீய்ச்சுகிற ரகம். அந்த அழுத்தத்தை இற்றுப்போன ரப்பர் எப்படித் தாங்கும்? ஒரு துண்டை உருவி வளைத்துப் பார்த்தார். நெடுக வெடித்திருந்தது.

டாங்கிலிருந்து எஞ்சின் வரை எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டார். கெட்டியான புதுக் குழாயை அளந்து வெட்டி மாட்டி, ஒவ்வொரு முனையிலும் கிளிப்பை வைத்து இறுக்கினார். கை தன்பாட்டுக்கு வேலை செய்ய, மனம் மகனிடம் போயிற்று.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கேட்டுக்கு வெளியே வண்டியை ஓடவிட்டபடி உட்கார்ந்திருப்பான். "ஒரு ஹாரன் அடிச்சா குறைஞ்சா போயிடுவ?" என்று இவர் கத்துவார். "எதுக்குப்பா?" என்று பல்லைக் காட்டுவான் கழுதை. அதற்குள் கேட் திறந்திருக்கும்.

இப்போதும் சாயங்காலமானால் பெரியவர் ஷெட்டில் வண்டியை ஸ்டார்ட் பண்ணுவார். பேட்டரி இறங்கிவிடும் என்பது மருமகளுக்குச் சொல்லும் சாக்கு. அந்தச் சத்தத்தைக் கேட்காமல் அவருக்குப் பொழுது முடியாது என்பதுதான் நிஜம். மகன் ஓட்டிய நாளிலிருந்தே அதில் ஒரு வால்வு லேசாகத் தட்டும். சின்ன வேலைதான். ஆனாலும் அதை மட்டும் அவர் சரிசெய்யவில்லை.

ஒரு நாளும் அதை ஆசைதீரக் கேட்டதில்லை. ஸ்டார்ட் ஆன உடனே மாடியில் மிக்ஸி நிற்கும். படியில் காலடி கேட்கும். சண்டைக்கு வருகிறாள் என்று பயந்து சட்டென்று ஆஃப் பண்ணிவிடுவார். காலடியும் பாதிப் படியில் நின்று மெதுவாகத் திரும்பிப் போகும்.

இன்றைக்கு அதற்கு வழியில்லை. எஞ்சின் ஓடினால்தானே கசிவு தெரியும்? ஸ்டார்ட் பண்ணிவிட்டு டார்ச்சோடு அடியில் புகுந்துகொண்டார். ஒவ்வொரு கிளிப்பாக விரல் வைத்துத் தடவினார். ஒரு சொட்டு ஈரம் இல்லை.

மாடியில் மிக்ஸி நின்றது. படியில் காலடி கேட்டது. இன்று அது பாதியில் நிற்கவில்லை.

செருப்புப் போடாத இரண்டு கால்கள் வண்டியைத் தாண்டி ஓடின. கேட்டின் தாழ்ப்பாள் கிறீச்சிட்டது. பெரியவருக்கு உயிரே போய்விட்டது. எப்படியோ தெரிந்துவிட்டது, சொன்னபடியே கிளம்பிவிட்டாள்!

முழங்கை தேய ஊர்ந்து வெளியே வந்தார்.

"எங்கம்மா போற? தப்புதான்மா. உன்கிட்ட சொல்லாம இதை மாட்டினது தப்புதான். இரு, முதல்ல இதை நிறுத்திடறேன்" என்று சாவிக்குக் கை நீட்டினார்.

கேட்டை அகலத் திறந்து பிடித்தபடி நின்றிருந்தாள் மருமகள். ஆளில்லாத தெருவையே பார்த்துக்கொண்டிருந்தவள், ஈரக்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"ஆஃப் பண்ணாதீங்க மாமா. தினமும் நான் வந்து கேட்டைத் திறக்கிறதுக்குள்ள ஆஃப் பண்ணிடறீங்க."